வைரஸினும் எளியவை

ஆசிரியப் பணியில் நான் சேர்ந்து சில ஆண்டுகளே சென்றிருந்த காலம் அது. 1988ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் நோய்க்கிருமிகளைப் பற்றிய பாடத்தை முடித்துவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "வைரஸைக் காட்டிலும் எளிய நோய்ப்பொருள் ஏதேனும் உண்டா, ஐயா?" என்று வினவினாள். "இல்லை அம்மா. உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடையே நிற்கும் எல்லைக்கல் வைரஸ். அதற்குக் கீழே நோயைப் பரப்புவது எதுவும் இல்லை" என்று ஐயத்துக்கு இடமின்றி விடையளித்தேன். அவளும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அவ்விடை தவறானது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1971இல், வைரஸினும் எளிய ஒரு நோய்ப்பொருளுக்கு 'வைராய்டு' என்று பெயர் சூட்டப்பட்டுவிட்டது. 1982இல் 'பிரியான்' என்னும் மற்றொன்றும் பெயர் பெற்றுவிட்டது. நான் பயின்ற நூலில் இவ்விரண்டும் இல்லை. நூலில் இல்லாதது உலகிலும் இல்லை என்று கொண்டது என் குற்றம். அம்மாணவி பின்னர் முதுகலை வகுப்பில் சேரச் சென்றபோது, நேர்முகத் தேர்வில் இதே வினா எழுந்ததாம். என் விடையை அப்படியே ஒப்புவித்துத் தலைகுனிந்து வந்தாராம்.

இன்று அவர் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். சென்ற ஆண்டு என் இல்லத்துக்கு வந்திருந்தபோது இந்நிகழ்ச்சியைச் சிரித்துக்கொண்டே கூறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர், "இப்போது அதே பாடத்தைப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு நான் நடத்துகிறேன், ஐயா. இரண்டு வரையறைகளை எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் ஒப்புவிக்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். பொருள் என்னிடம் இருக்கிறது, கற்பிக்கும் முறையை நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அதன்பின் பல மாலை வேளைகளில் இருவரும் அமர்ந்து அப்பாடத்தை மூன்று வகுப்புகளாகப் பகுத்துக்கொண்டோம். அதன் சுருக்கமே இன்றைய என் பேச்சு.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதன்முதலாகப் புகட்டப்பட்ட விதி. பட்டப்படிப்பு மாணவர் தெரிந்துவைத்திருப்பது வைரஸ். ஆகவே அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். 1892இல் ருஷிய நாட்டு இவானோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியா நுழைய இயலாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பிற்று. 1898இல் ஹாலந்து நாட்டுப் பைஜெரிங்க், அச்சாற்றில் இருப்பது வெறும் நஞ்சன்று, செடிக்குள் பெருகும் ஒன்று என்று துணிந்தார். 1935இல் அமெரிக்கரான ஸ்டான்லி அதனைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். பிற்கால ஆராய்ச்சியால் அதன் அமைப்பும் விளங்கிற்று. ஏறத்தாழ 6,400 எழுத்துகள் கொண்ட ரைபோ நியூக்ளிக் அமில இழை ஒன்று. அதனைச் சூழ அடுக்கப்பெற்ற 2,130 புரத மூலக்கூறுகள். எழுத்து என்று நான் கூறுவது நியூக்ளியோடைடு என்னும் அலகை. இவ்வளவே அந்த வைரஸ்.

மாணவர்க்கு இதனை ஓலை, உறை என்று இரண்டு சொற்களால் உணர்த்தலாம். நியூக்ளிக் அமிலம் செய்தி எழுதிய ஓலை. புரதம் அதனைக் காக்கும் உறை. ஓலையும் உறையும் கூடியது வைரஸ். இதனைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, மூன்று வகுப்புகள் முடியும்வரை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும். ஏனெனில் முதல் வகுப்பில் உறை தேவையில்லை என்று ஆகப்போகிறது. இரண்டாம் வகுப்பில் ஓலையும் தேவையில்லை என்று ஆகப்போகிறது.

முதல் வகுப்பு உருளைக்கிழங்கைப் பற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920ஆம் ஆண்டுகளில் உருளைப் பயிரில் ஒரு நோய் அறியப்பட்டது. கிழங்குகள் உருண்டு திரளாமல், நூல் நூற்கும் கதிரைப் போல நீண்டு, இரு முனையும் கூம்பிப் போயின. செடிகள் குன்றின, விளைச்சல் குறைந்தது. பாக்டீரியாவும் இல்லை, பூசணமும் இல்லை. ஆகவே வைரஸ்தான் என்று அறிஞர் நெடுங்காலம் கருதிவந்தனர். எவரும் அந்த வைரஸைக் கண்டதில்லை.

மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அரசாங்க வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், சுவிட்சர்லாந்தில் பிறந்த தியடோர் டீனர் என்பவர் பணியாற்றிவந்தார். ரேமர் என்பவருடன் சேர்ந்து அவர் இந்நோயை ஆராயத் தொடங்கினார். அவர்கள் கண்டவற்றை நான்கு வரிகளாகப் பலகையில் எழுதலாம். நோய்ச்சாற்றை மையவிலக்குப் பொறியில் இட்டுக் கடுவேகத்தில் சுழற்றினால், வைரஸ் துகள்கள் அடியில் படிய வேண்டும், இது படியவில்லை. புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சேர்த்தால் நோய் தரும் ஆற்றல் குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தாலும் குறையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தவுடன் ஆற்றல் அழிந்தது.

இங்கே ஆசிரியர் வாய் திறவாதிருத்தல் வேண்டும். "இந்நான்கையும் கொண்டு நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வகுப்பில் ஒருவரேனும், "அப்படியானால் அது உறையில்லாத ஓலை" என்று சொல்லியே தீர்வர். டீனரின் முடிவும் அதுவே. வெளிவந்த நாளில் பலர் இதனை நம்பவில்லை. அதன் அளவோ எவரும் எதிர்பாராத அளவு சிறியது. தனியே பெருகக்கூடிய வைரஸுக்கு இருக்க வேண்டிய சிற்றளவென்று கருதப்பட்டதைக் காட்டிலும் அது பன்மடங்கு சிறியதாக இருந்தது. 1971இல் அவர் அதற்கு வைராய்டு என்று பெயரிட்டார். 1976இல் அது முனைகளற்ற வட்ட இழை என்பது தெளிவாயிற்று. 1978இல் ஜெர்மானிய ஆராய்ச்சிக் குழுவினர் அதன் எழுத்துகளை முழுவதும் வாசித்து முடித்தனர். மொத்தம் 359 எழுத்துகள். ஓர் அஞ்சலட்டையில் எழுதி முடித்துவிடலாம்!

அந்த அஞ்சலட்டையில் செய்தி இருக்கிறதா என்றால், இல்லை. வைரஸின் ஓலையில் 'இன்ன புரதத்தைச் செய்க' என்னும் ஆணை உண்டு. வைராய்டில் எந்தப் புரதத்துக்கும் ஆணை இல்லை. பின் எவ்வாறு பெருகுகிறது? செடியின் உயிரணுவில் நகல் எடுக்கும் நொதி ஒன்று உண்டு. டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதுவது அதன் அன்றாட வேலை. வைராய்டு அந்த நொதியைத் தன் இழையையே நகலெடுக்கச் செய்துவிடுகிறது. எழுதியிருப்பது என்னவென்று பாராமல், மேசைக்கு வந்த தாளையெல்லாம் நகலெடுக்கும் குமாஸ்தாவின் நிலைதான் அந்த நொதிக்கு. இழை வட்டமாதலின், நொதி செக்குமாட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு நெடுந்தொடரை எழுதுகிறது. பின்னர் அத்தொடர் அளவு துண்டுகளாக அறுபட்டு வட்டங்களாகிறது. சில வைராய்டுகளில் இவ்வாறு அறுப்பதற்குப் புரத நொதியும் வேண்டுவதில்லை; இழை தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது. உயிர் தோன்றிய தொடக்கக் காலத்தில் ஆர்.என்.ஏ.வே எல்லாத் தொழிலையும் செய்திருக்கலாம் என்னும் கொள்கைக்கு இத்தகைய செய்கை ஒரு துணை. வைராய்டுகள் அப்பழங்காலத்தின் எச்சங்களாக இருக்கலாம் என்று டீனர் 1989இல் கருத்துரைத்தார். இது கருத்தே அன்றி மெய்ப்பிக்கப்பட்ட உண்மையன்று என்பதையும் மாணவர்க்குக் கூறிவிட வேண்டும்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். வைராய்டின் காரத்தைப் பிலிப்பைன்ஸ் தீவுகளின் தென்னந்தோப்புகளில் காணலாம். அங்கே 'காடங்-காடங்' என்னும் நோய் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளை அழித்துவிட்டது. அதன் காரணம் 246 எழுத்துகளே கொண்ட ஒரு வைராய்டு. தென்னை என்றவுடன் நம் மாணவர் கேரளத்து வேர்வாடல் நோயையும் தஞ்சாவூர் வாடல் நோயையும் நினைப்பர். முன்னது பைட்டோபிளாஸ்மா என்னும் சுவரற்ற பாக்டீரியாவால் வருவது. பின்னது கானோடெர்மா என்னும் பூசணத்தால் வருவது. மூன்றிலும் மரம் நலிகிறது. மூன்றிலும் காரணம் வேறு. நோயின் தோற்றத்தைக் கொண்டு காரணத்தைத் தீர்மானிக்கலாகாது என்னும் பாடத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

"வைராய்டு மனிதனைத் தாக்குமா?" என்று ஒருவர் கேட்பார். வைராய்டு பயிர்களுக்கு உரியது. ஆனால் அதற்கு உறவுபோலத் தோன்றும் ஒன்று மனிதரிடம் உண்டு. 1977இல் இத்தாலிய நாட்டுத் தூரின் நகரத்து மருத்துவர் ரிசெட்டோ, கல்லீரல் அழற்சி நோயாளரிடம் டெல்ட்டா என்னும் நோய்ப்பொருளைக் கண்டார். அதுவும் வட்ட ஆர்.என்.ஏ.தான், ஏறத்தாழ 1,700 எழுத்துகள் கொண்டது. தன் ஓலையில் தன் புரதத்துக்கு ஆணை வைத்திருக்கிறது. ஆனால் வெளியுறை அதற்கு இல்லை. ஹெபடைட்டிஸ்-பி வைரஸின் உறையை இரவல் வாங்கிக்கொண்டுதான் ஓர் உயிரணுவிலிருந்து மற்றோர் உயிரணுவுக்குச் செல்கிறது. ஆதலின் ஹெபடைட்டிஸ்-பி நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் டெல்ட்டாவிலிருந்தும் தப்புகிறார். உறை கொடுப்பவன் இல்லையேல் இரவல் வாங்குபவனுக்கு வழி ஏது?

இரண்டாம் வகுப்பு ஆட்டிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே செம்மறியாடுகளுக்கு ஒரு நோய் உண்டென்பது இடையர் அறிந்த செய்தி. நோயுற்ற ஆடு வேலியிலும் மரத்திலும் உடலைத் தேய்த்துத் தேய்த்து மயிரை இழக்கும், தள்ளாடும், பின் மடியும். தேய்த்துக்கொள்வதால் அதற்கு 'ஸ்க்ரேப்பி' என்று பெயர். 1936இல் பிரெஞ்சு நாட்டு விலங்கு மருத்துவர் குய்யே, ஷெல் ஆகிய இருவரும் நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆட்டுக்குச் செலுத்தினர். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் நோய் வெளிப்பட்டது. அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வேறொரு நோய்க்கு ஆட்டின் மூளை முதலியவற்றிலிருந்து தடுப்பூசி செய்து, வைரஸ் அழியட்டும் என்று பார்மலினும் சேர்த்துச் செம்மறிகளுக்குப் போட்டனர். அவற்றுள் பல, பின்னர் ஸ்க்ரேப்பியால் மடிந்தன. பார்மலினால் அழியாத வைரஸும் உண்டோ என்னும் ஐயம் அன்றே எழுந்திருக்க வேண்டும்.

1966, 1967 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் டிக்வா ஆல்பர் என்னும் அம்மையார், இந்நோய்ப்பொருளின்மீது கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தார். நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்க வல்ல புற ஊதாக் கதிர் இதனை ஒன்றும் செய்யவில்லை. இதில் நியூக்ளிக் அமிலம் இருக்கிறதா என்றே அவர் வினவினார். 1967இல் கிரிபித் என்னும் கணித அறிஞர், புரதம் மட்டுமே நோயைப் பரப்புதல் கொள்கையளவில் இயலும் என்று எழுதினார். 1982இல் சான்பிரான்சிஸ்கோ நகரத்து ஸ்டான்லி புரூசினர், அப்பொருளைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்து, புரதத்தைச் சிதைப்பவை எல்லாம் இதன் ஆற்றலைக் குறைக்கின்றன, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பவை குறைப்பதில்லை என்று காட்டிப் பிரியான் என்று பெயரிட்டார். அறிஞர் உலகம் எள்ளிற்று. 1997இல் அதே ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

முதல் வகுப்பில் டீனர் செய்த சோதனைகளின் விடைகள் இங்கே தலைகீழாக இருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்ளட்டும். அங்கே ஓலை உண்டு, உறை இல்லை. இங்கே ஓலையே இல்லை; புரதம் மட்டும் உண்டு.

உடனே கூர்மதியுள்ள ஒரு மாணவர், "ஓலையில்லாமல் புரதம் எப்படிப் பெருகும்?" என்று கேட்பார். இவ்வினாவே இப்பாடத்தின் உயிர்நிலை. 'அது பாடத்திட்டத்தில் இல்லை' என்று கூறி இதனை அடக்கும் ஆசிரியர், என்னைப் போலவே பின்னாளில் வருந்துவார்.

விடை இது. பிரியான் புரதத்துக்கு உரிய ஓலை நம்மிடமே உண்டு. நம் மரபணுவிலேயே அதற்கான ஆணை இருப்பது 1985இல் தெரியவந்தது. நலமுள்ள மனிதரின் நரம்பணுக்களும் அப்புரதத்தை நாள்தோறும் செய்துவருகின்றன. நல்ல புரதத்துக்கும் நோய்ப் புரதத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை, மடிப்பில்தான் வேறுபாடு. ஒரே வேட்டியை ஒருவர் கொசுவி மடிக்கிறார், மற்றொருவர் பட்டையாக மடிக்கிறார், துணி ஒன்றே. நோய் மடிப்புள்ள புரதம், தன்னைத் தொடும் நல்ல புரதத்தைத் தன் மடிப்புக்கு மாற்றிவிடுகிறது. மாறியது மற்றொன்றை மாற்றுகிறது. புதிய புரதம் பிறப்பதில்லை; இருக்கும் புரதம் இனம் மாறுகிறது. எனவே, புரதத்தின் எழுத்து வரிசை மரபணுவிலிருந்தே வருகிறது என்னும் விதிக்கு இதனால் ஊறில்லை.

இதற்கு உவமை கூறுவதில் நானும் என் மாணவியும் வாதிட்டோம். பாலில் உறைமோர் ஊற்றினால் பால் முழுதும் தயிராவதை அவர் உவமையாகக் கூறிவந்தார். கேட்பதற்கு இனிய உவமை. ஆனால் வழி தவறச் செய்வது. உறைமோரில் பாக்டீரியா உண்டு, அது உயிருள்ளது, தன் ஓலையைக் கொண்டு பெருகுவது. பிரியானுக்கு இல்லாததையே உவமை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. நான் கற்கண்டைக் கூறினேன். தெவிட்டக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால், நூலில் ஒட்டிய சிறு படிகத்தைப் பற்றிக்கொண்டு பாகிலுள்ள சர்க்கரையெல்லாம் அதே ஒழுங்கில் வந்து சேர்கிறது. அங்கே உயிருமில்லை, ஓலையுமில்லை. ஆனால் இவ்வுவமையும் ஓரளவே பொருந்தும். பாகிலுள்ள சர்க்கரை தன் உருவத்தை மாற்றிக்கொள்வதில்லை, புரதமோ மாற்றிக்கொள்கிறது. உவமையைக் கூறும் ஆசிரியர் அது எங்கே பொருந்தாது என்பதையும் அதே மூச்சில் கூறுதல் வேண்டும் என்பது எங்கள் முடிவு.

இக்கொள்கைக்கு ஒரு சோதனையும் உண்டு. அப்புரதத்தின் ஓலையையே நீக்கிவிட்ட சுண்டெலிகளை ஜூரிச் நகரில் வைஸ்மன் குழுவினர் உருவாக்கினர். அவற்றின் மூளைக்குள் ஸ்க்ரேப்பியைச் செலுத்தியும் நோய் வரவில்லை என்று 1993இல் காட்டினர். மாற்றுவதற்கு நல்ல புரதம் இல்லையாதலின் நோயும் இல்லை. மாணவர் இச்சோதனையை முன்கூட்டியே தாமே எண்ணிச் சொல்லும்படி செய்தால், வகுப்பு வெற்றி பெற்றதென்று கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்பு மனிதரைப் பற்றியது. பாப்புவா நியூகினித் தீவின் கிழக்கு மலைநாட்டில் ஃபோரே என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே 'குரு' என்னும் நோய் பரவியிருந்தது. அச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் நடுக்கம் என்று பொருள். நோயுற்றோர் நடுங்கினர், நிற்க இயலாது வீழ்ந்தனர், ஓராண்டுக்குள் பெரும்பாலோர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாக மாண்டனர். 1957இல் சிகாஸ், காஜ்டுசெக் ஆகிய மருத்துவர் இதனை உலகுக்கு அறிவித்தனர். 1959இல் ஹாட்லோ என்னும் விலங்கு மருத்துவர், குருவால் மாண்டோரின் மூளைப் படங்களைக் கண்டு, இது ஸ்க்ரேப்பியை ஒத்திருக்கிறது என்று இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். ஆட்டை அறிந்தவர் மனித நோய்க்கு வழி காட்டினார். 1966இல் இந்நோயைச் சிம்பன்சிக் குரங்குக்குத் தொற்றச் செய்து காட்டினர். இறந்த உறவினரின் உடலை உண்ணும் ஈமச் சடங்கே நோய் பரவிய வழி. 1950ஆம் ஆண்டுகளில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதன்பின் பிறந்த குழந்தைகளுக்குக் குரு வரவில்லை. முன்பே தொற்றியவருள் சிலருக்கோ 50 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்னும் நோய் வெளிப்பட்டது.

இதனைச் சொல்லும்போது வகுப்பில் நகைப்பும் அருவருப்பும் எழும். ஆசிரியர் அதற்கு இடங்கொடுத்தலாகாது. இறந்தோரைப் புழுவுக்கு விடாமல் தம் உடலுக்குள் ஏற்றுக்கொள்வது அம்மக்களுக்கு அன்பின் செயலாக இருந்தது. பரவும் வழி இதுவென்று அறியாமல் செய்தனர். அடுத்து மாணவர்க்குப் பிரிட்டனின் கதையைக் கூற வேண்டும். அங்கே, இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் பொடியாக்கி மாட்டுத் தீவனத்தில் கலந்தனர். புல் தின்னும் பசு, பசுவையே தின்றது. 1986இல் மாட்டு மூளை நோய் அறியப்பட்டது. 1988இல் அத்தீவனம் தடைசெய்யப்பட்டது. அதற்குள் விதை ஊன்றியாயிற்று. 1,80,000க்கு மேற்பட்ட மாடுகள் நோயுற்றன. மனிதருக்கு ஆபத்தில்லை என்று முதலில் மக்களுக்கு உறுதி கூறப்பட்டது. 1996 மார்ச்சில், இந்நோய் மனிதருக்கும் வந்திருத்தல் கூடும் என்று அரசாங்கம் அறிவித்தது. பிரிட்டனில் மட்டும் 178 பேர் அதனால் மாண்டனர். அவருள் பலர் இளைஞர். காட்டுமக்கள் என்று நகைத்தவர் இதற்கு என்ன விடை கூறுவர்? அங்கே அன்பினால் நிகழ்ந்தது. இங்கே சிக்கனத்தினால் நிகழ்ந்தது. பிரியானுக்கு இரண்டும் ஒன்றே.

இப்பாடம் செயலுக்கும் உரியது. இன்றைய மாணவரே நாளைய மருத்துவமனை ஆய்வாளரும் வேளாண் அலுவலரும் ஆவர். பாக்டீரியாவையும் வைரஸையும் அழிக்க 121 பாகை நீராவி 15 நிமிடம் போதும் என்று அவர்கள் படித்திருப்பர். பிரியான் அதற்கு முற்றும் அஞ்சுவதில்லை. 134 பாகையில் 18 நிமிடம், அல்லது வலிய சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மணி நேரம் என்பன போன்ற கடுமையான முறைகள் வேண்டியிருக்கின்றன. பார்மலினோ அதனை அழிப்பதற்கு மாறாகப் பதப்படுத்திக் காத்துவிடுகிறது. இறந்தோரின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி மருந்தைக் குள்ளமாயிருந்த குழந்தைகளுக்குச் செலுத்தியதால், பல ஆண்டுகளுக்குப் பின் அவருள் சிலர் பிரியான் நோயால் மாண்டனர். 1985இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அம்மருந்து நிறுத்தப்பட்டது. நன்மை செய்ய விழைந்த கைகளே அந்நோயைக் கொண்டுசென்றன. வைராய்டும் அவ்வாறே. ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடியை வெட்டும் தோட்டக்காரர், நோயைத் தாமே வரிசை வரிசையாக நட்டுச் செல்கிறார். கத்தியைத் தூய்மை செய்வதும் நோயற்ற விதைக்கிழங்கைத் தேர்வதும்தான் அங்கே மருந்து. நட்டபின் தெளிப்பதற்கு மருந்து இல்லை.

அதே வேளையில் அச்சத்தையும் அளவோடு ஊட்ட வேண்டும். மனிதருக்குத் தானே தோன்றும் குராய்ட்ஸ்பெல்ட்-யாக்கோப் என்னும் பிரியான் நோய், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது. நோயாளியைத் தொடுவதாலும் உடன் உண்பதாலும் அது பரவுவதில்லை. இதனைச் சொல்லாது விட்டால், நாளை அந்நோயாளியின் அருகில் செல்லவே நம் மாணவர் அஞ்சுவர்.

இறுதியாகத் தேர்வு. 'வைராய்டு என்றால் என்ன?' என்று கேட்டால் மாணவர் நினைவாற்றலைத்தான் அளக்கிறோம். மாறாக இவ்வாறு கேட்கலாம்: 'ஒரு புதிய நோய்ப்பொருள் வடிகட்டியைக் கடக்கிறது, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியால் உடனே அழிகிறது. புரதம் செரிக்கும் நொதியால் அழிவதில்லை. இது யாது? ஏன்? உறுதி செய்ய இன்னும் என்ன சோதனை செய்வீர்?' இதற்கு விடையெழுதும் மாணவர், விடையில் தவறினாலும் சிந்தனையில் முன்னேறியிருப்பார். சென்ற பருவத்தில் என் மாணவி இவ்வாறே வினாத்தாள் அமைத்தார். மதிப்பெண்கள் முன்னைவிடக் குறைந்தன. வகுப்புக்குப் பின் வந்து வினவுவோர் தொகை கூடிற்று என்று எனக்குச் சொன்னார். அது நல்ல பேரம் என்று நான் கூறினேன்.

மூன்று வகுப்புகளும் முடிந்த பின் கரும்பலகையின் ஓரத்தில் நாம் எழுதிவைத்தது இன்னும் இருக்கும். ஓலையும் உறையும் என்று எழுதிய அதற்குக் கீழே, இப்போது வேறிரண்டு வரிகள் சேர்ந்திருக்கும். அத்துடன் கணக்கை முடித்துவிடலாமா? 2024ஆம் ஆண்டில், மனிதரின் வாயிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாக்களிடையே 'ஓபிலிஸ்க்' என்னும் புதிய வட்ட ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஏறத்தாழ 1,000 எழுத்துகள் கொண்டவை அவை. வைராய்டை ஒத்த உருவம். ஆனால் புரதத்துக்கான ஆணையும் உண்டு. நாம் வகுத்த பெட்டிகளுள் எதிலும் அவை முழுமையாக அடங்கவில்லை. ஆகவே பலகையில் இன்னும் ஓரிரு வரிகளுக்கு இடம் விட்டுவைப்பதே நலம்.

1988இல் அம்மாணவி கேட்ட வினாவுக்கு நான் அளித்த விடையில் ஒரு தொடர் மட்டும் சேர்ந்திருந்தால், அவர் நேர்முகத் தேர்வில் தலைகுனிந்திருக்க மாட்டார். 'நான் அறிந்த அளவில் இல்லை' என்று கூறியிருந்தால், மிச்சத்தை அவர் தாமே தேடிச் சென்றிருப்பார். அத்தொடரைச் சொல்வதால் ஆசிரியரின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அந்நாளில் எண்ணினேன். இன்று வகுப்பறையில் நிற்கும் என் இளைய தோழர்களுக்கு அதனையே முதன்மையாகக் கூற விரும்புகிறேன்.